லூர்துமேரி படகை நிறுத்திய நாள்கள்

பதுளை பஸார் வீதியில் மோட்டார் உதிரிப்பாகங்கள் விற்கும் கடையொன்றில் நின்றுகொண்டிருந்தபோதுதான் அந்தச் செய்தி வந்தது. என் கையில் கியர் எண்ணெய் டியூப் இரண்டும், இஞ்சின் எண்ணெய் கேன் ஒன்றும், ஒரு துண்டுத் தாளும் இருந்தன. தாளில் இருந்தது என் கையெழுத்து, சொன்னவர் லூர்துமேரி. மூன்று மணி நேரத்துக்கு முன்னால், ஆஸ்பத்திரி வார்டில், டெங்குக் காய்ச்சலின் ஐந்தாம் நாளில், சேலைன் ஏறாத கையை ஆட்டி ஆட்டி அவர் சொல்ல, நான் எழுதியது. தொலைபேசியில் அவருடைய மகள் ஸ்டெல்லா, "அம்மா போயிட்டாங்க டீச்சர்" என்றாள். கடைக்காரர் திருகாணிக்குப் போடும் வாசரும் வேண்டுமா என்று கேட்டார். இரண்டு வேண்டும் என்றேன்.

இதை வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் லூர்துமேரியின் படகில் ஏறியவர்கள். மீதிப் பாதி அவரிடம் ஏச்சு வாங்கியவர்கள். இரண்டும் வாய்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் தேயிலைத் தோட்டத்தின் கீழே ஒரு நீர்த்தேக்கம் இருக்கிறது. நாங்கள் டேம் என்போம். அதைக் கட்டியபோது பழைய பாதை தண்ணீருக்குள் போய்விட்டது. தோட்டத்தின் அக்கரை டிவிஷனில் தொழிலாளர் வரிசை வீடுகளாக ஆறு லயமும் ஒரு சிறிய தேவாலயமும் ஒரு மாரியம்மன் கோவிலும் இருக்கின்றன. பள்ளிக்கூடம், மருந்து, கடை, பஸ் எல்லாம் இக்கரையில். மலையைச் சுற்றி வந்தால் ஜீப்புக்கு இரண்டு மணி நேரம். மழை பெய்து மண் சரிந்தால் அதுவும் கிடையாது. படகில் பத்து நிமிடம். அந்தப் படகைப் பத்து வருடம் ஓட்டியவர் லூர்துமேரி. படகுச் சங்கத்தின் செயலாளர் என்ற பெயரில் அவரோடு பத்து வருடம் சண்டை போட்டவள் நான்.

வார்டில் கடைசியாகப் பார்த்தபோதும் சண்டைதான். சங்கத்துக்குப் புது இஞ்சின் வந்து இரண்டு வாரம் ஆகவில்லை. அவர் படுத்த பிறகு யோகன் ஓட்டிக்கொண்டிருந்தார். யோகன் அக்கரைக்காரர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், நிதானமானவர். இருந்தாலும் லூர்துவுக்கு நிம்மதி இல்லை. எப்படி இருக்கிறது என்று நான் கேட்டது உடம்பை. அவர் பதில் சொன்னது இஞ்சினைப் பற்றி.

"பதினேழு மணி ஓடியாச்சு டீச்சர். இருபதுல எண்ணெய் ரெண்டையும் மாத்தணும். வாசர் புதுசா வாங்குங்க, பழசப் போட்டு முறுக்காதீங்க."

முதலில் நீ எழும்பி வா, பிறகு பார்ப்போம் என்று அதட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்: "நான் எந்திரிச்சாலும் எந்திரிக்காட்டியும் இஞ்சின் ஓடிக்கிட்டுத்தானே இருக்கும்."

இந்த இருபது என்ற எண்ணுக்கும் எங்களுக்கும் இடையில் ஒரு கதை இருக்கிறது. அதைச் சொல்லாமல் அவருக்கு அஞ்சலி எழுதினால் அது பொய்யாகிவிடும். பத்து வருடங்களுக்கு முன்னால்தான் எங்களுக்கு முதன்முதலாகப் புது இஞ்சின் கிடைத்தது. எலுமிச்சம்பழம் வைத்து, சந்தனம் பூசி, மாலை போட்டு, பாதிரியாரையும் கூப்பிட்டு மந்திரித்துத் தண்ணீரில் இறக்கினோம். கூடவே ஒரு கையேடு வந்தது, ஆங்கிலத்திலும் சிங்களத்திலும். டீச்சர் இருக்கிறாரே என்று என்னிடம் கொடுத்தார்கள். நானும் பெருமையாக வாங்கி, முக்கியமானவற்றைத் தமிழில் படகுக் கொட்டகைச் சுவரில் பெயின்டால் எழுதினேன். அதில் ஒரு வரி: "முதல் சர்வீஸ் – 20. எண்ணெய் இரண்டும் மாற்றி, புரொப்பெல்லரைக் கழற்றிப் பார்க்கவும்." இருபது என்ன என்று நான் எழுதவில்லை. விடைக்கு அலகு எழுதாத பிள்ளைக்கு அரைப் புள்ளி வெட்டுகிறவள் நான்.

அப்போது படகோட்டியவர் இராமையா அண்ணன். தோட்டத்தில் வேலையைப் பேரில்தான் எண்ணுவார்கள். ஒரு நாள் முழுக்க வேலை செய்தால் ஒரு பேர். மத்தியானத்தோடு நின்றால் அரைப்பேர். நாற்பது வருடம் அப்படியே வாழ்ந்தவர் சுவரில் இருபதைப் பார்த்தால் வேறு எதை நினைப்பார்? இருபது பேர் என்று எடுத்துக்கொண்டார். அதிலும் அவர் நேர்மையானவர். படகு ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம்தான் ஓடுகிறது. எட்டு மணி நேரம் உழைக்காமல் நமக்கே பேர் விழாது, இஞ்சினுக்கு மட்டும் எப்படி ஓசியில் போடுவது என்று யோசித்து, நான்கு நாளைக்கு ஒரு பேர் என்று சுவரில் கோடு போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். நானும் அந்தச் சுவரைத் தினமும் கடந்து போனேன். கோடுகளைப் பார்த்து, பரவாயில்லையே, ஒழுங்காகக் குறிக்கிறாரே என்று மெச்சிக்கொண்டும் இருந்தேன்.

சுவரில் பதினேழு கோடு விழுந்திருந்தபோது, ஒரு காலையில், லூர்துமேரியின் கணவர் அந்தோனிக்கு நெஞ்சு வலி வந்தது. லூர்து அப்போது கொழுந்து பறிக்கிறவர். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டில் இருந்து ஓடிவந்து கணவரைப் படகில் ஏற்றினார். நடுத்தண்ணீரில் கீழே கறகறவென்று ஒரு சத்தம் கேட்டதாம். அதன் பிறகு இஞ்சின் மட்டும் அலறியதே தவிர, புரொப்பெல்லர் சுற்றவில்லை. படகின் அடிப்பலகையைப் பெயர்த்து, அதைத் துடுப்பாக்கிக் கரை சேர முக்கால் மணி நேரம் ஆனது. ஆஸ்பத்திரி வாசலில் அந்தோனி இறந்துபோனார். அந்த முக்கால் மணி நேரம் வீணாகாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டர் சொல்லவில்லை. எங்களில் யாரும் கேட்கவும் இல்லை.

அடுத்த வாரம் மஹியங்கனையில் இருந்து ஒரு மெக்கானிக் வந்து இஞ்சினின் கீழ்ப்பகுதியைக் கழற்றினார். யாரும் கூப்பிடாமலேயே லூர்துமேரி வந்து பக்கத்தில் நின்றார். கீழ்த் திருகாணியைத் திறந்ததும் முதலில் தண்ணீர் வந்தது. பிறகு எண்ணெய் வந்தது, பால் தேத்தண்ணி நிறத்தில். புரொப்பெல்லருக்குப் பின்னால் மீன் பிடிக்கிற நைலோன் நூல் சுற்றி இறுகி, எண்ணெய் கசியாமல் மூடுகிற ரப்பர் வளையத்தை அறுத்திருந்தது. அந்த வழியே தண்ணீர் புகுந்து, கியரின் பற்கள் தேய்ந்து முறிந்திருந்தன. இருபது மணி நேரத்தில் ஒரு முறை கழற்றிப் பார்த்திருந்தால் நூலை விரலால் எடுத்துப் போட்டிருக்கலாம், ஏன் பார்க்கவில்லை என்று மெக்கானிக் கேட்டார். இராமையா அண்ணன் கொஞ்சம்கூடத் தயங்காமல் சுவரைக் காட்டினார். இன்னும் இருபது ஆகவில்லை, பதினேழுதான் என்றார். நான் சுவரைப் பார்த்தேன். என் இருபதுக்குப் பக்கத்தில் மணி என்ற சொல் இல்லை.

அன்று பின்னேரமே மலையைச் சுற்றி ஜீப்பில் லூர்துமேரியின் லயத்துக்குப் போனேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை ஒழுங்குபடுத்திக்கொண்டு போனவள், வாசலில் நின்று அழத் தொடங்கிவிட்டேன். மணி என்ற ஒரு சொல்லை நான் எழுதாமல் விட்டேன், தவறு என்னுடையது, இராமையா அண்ணனுடையது அல்ல என்று எப்படியோ சொல்லி முடித்தேன். லூர்துமேரி என்னை உட்காரச் சொல்லவில்லை.

"டீச்சர், அழுவாதீங்க. நீங்க அழுதா நான் ஆறுதல் சொல்லணும். எனக்கு இப்ப அதுக்குத் தெம்பு இல்ல" என்றார். பிறகு, "போயி அந்தச் சுவத்த அழிச்சிட்டுச் சரியா எழுதுங்க" என்றார்.

மன்னித்தேன் என்று அவர் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பத்து வருடம் ஒன்றாக வேலை செய்தோம். அதுதான் எனக்குக் கிடைத்த பதில் என்று வைத்துக்கொண்டேன்.

கியரை மாற்றிப் படகு திரும்பத் தயாரானபோது இராமையா அண்ணன் இனி ஓட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். சங்கக் கூட்டத்தில் யாரைப் போடுவது என்று பேசிக்கொண்டிருந்தபோது லூர்துமேரி எழுந்து, நான் ஓட்டுகிறேன் என்றார். சிலர் சிரித்தார்கள். கொழுந்துக் கூடைக்காரி இஞ்சினைத் தொடுவதா என்று ஒருவர் கேட்டேவிட்டார். ஓட்டத் தெரிந்தவர்களிடம் கொடுத்துத்தான் பார்த்தீர்களே என்று லூர்து திருப்பிக் கேட்டார். அந்த வார்த்தை யாரை எவ்வளவு சுட்டது என்பது எனக்குத் தெரியும். சாவியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தவர் இராமையா அண்ணன்தான்.

அந்த மஹியங்கனை மெக்கானிக்கின் பட்டறைக்கு இரண்டு வாரம் லூர்து தினமும் பஸ்ஸில் மலை இறங்கிப் போய் வந்தார். அவருக்குத் தெரிந்த சிங்களம் கொழுந்து நிறுக்கிற இடத்துச் சிங்களம். அதை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக் கற்றுக்கொண்டார். திரும்பி வந்து என்னைக் கொட்டகைக்குக் கூப்பிட்டு, கியர் எண்ணெயை எப்படி ஊற்றுவது என்று கேட்டார். மேல் துளையில்தான் என்று நான் சொன்னதும் அவருக்கு ஒரே சந்தோஷம். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு துளைகள் இருக்கின்றன. டியூபைக் கீழ்த் துளையில் பொருத்தி அமுக்க வேண்டும்; மேல் துளையால் எண்ணெய் வழிந்தால்தான் உள்ளே நிறைந்தது என்று அர்த்தம். "மேல இருந்து ஊத்துனா காத்து மாட்டிக்கிட்டு நெறஞ்ச மாதிரி காட்டும் டீச்சர், உள்ள பாதிதான் இருக்கும்" என்றவர், மேலே இருந்து தோட்டத்துக்கு வருகிற எல்லாமே அப்படித்தானே என்று சேர்த்துக்கொண்டார். அதன் பிறகு கொழும்பில் இருந்து எந்தச் சுற்றறிக்கை வந்தாலும், காற்று நிறைந்திருக்கிறதா பாருங்கள் என்று என்னைக் கேலி செய்வார்.

புதுக் கியர் போட்ட முதல் வாரத்தில் படகைப் பார்க்க ஒரு பெரிய மனிதர் வந்தார். பெயர் வேண்டாம். வெள்ளை உடுப்பு, கூட நான்கு பேர், கைத்தொலைபேசியில் படம் எடுக்க ஒருவர். லூர்து பாதி வேகத்துக்கு மேலே போகவில்லை. படம் எடுப்பவருக்கு அலை தெறிக்க வேண்டுமாம். வேகமாகப் போகச் சொன்னார். லூர்து கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. கடைசியில் பெரிய மனிதரே, இஞ்சினில் ஏதாவது கோளாறா என்று கேட்டுவிட்டார். நான் பதறிப்போய் வாயைத் திறப்பதற்குள் லூர்து பதில் சொன்னார்: "கோளாறு இல்லைங்க ஐயா. உள்ள இருக்கிற பல்லெல்லாம் புதுசு, ஒண்ணுக்கொண்ணு இன்னும் அறிமுகமாகல. பத்து மணி நேரம் பழகட்டும்." நல்லவேளையாக அவர் சிரித்துவிட்டார். படம் மட்டும் எதிர்பார்த்ததுபோல் வரவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஆனால் எல்லோரும் சிரித்துவிட்டுப் போகவில்லை. அந்தக் கியருக்கு இருபது மணி நேரம் முடிந்த நாள் மாரியம்மன் திருவிழா. இக்கரையில் இருந்து பால்குடக்காரர்கள், மேளம், உறவுக்காரர்கள் என்று இருநூறு பேர் போக வேண்டும். லூர்துமேரி படகைக் கரையில் இழுத்துப் போட்டு, சர்வீஸ் முடியாமல் ஓடாது என்றார். நாளைக்குச் செய்தால் என்ன என்று கெஞ்சினார்கள். வேதக்காரி வேண்டுமென்றே சாமி காரியத்தை மறிக்கிறாள் என்று ஏசினார்கள். சங்கத்தில் இருந்து தூக்க வேண்டும் என்றும் பேச்சு வந்தது. நானே அவரிடம் போய், இவ்வளவு பேரை நிறுத்திவைக்க முடியுமா, ஒரு நாள் தள்ளலாமே என்று கேட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் எண்ணெய் பிடிக்கிற பேசினைப் பிடித்தேன். ஒன்றரை மணி நேரத்தில் முடித்தார். எண்ணெய் சுத்தமாக இருந்தது. நூல் இல்லை, தண்ணீர் இல்லை, ஆணி ஒன்றுகூடத் தளரவில்லை. ஒன்றும் இல்லாததற்கா இந்தக் கூத்து என்று ஒருவர் கத்தியபோதுதான் லூர்து பேசினார்.

"ஒண்ணும் இல்லங்கறது சும்மா தெரியாதுங்க. தொறந்து பாத்தவனுக்குத்தான் தெரியும்."

அதே வருடம், இயேசு பிறந்த நத்தாருக்கு முதல் நாள், நூறு மணி நேரத்துக்கு ஒரு முறை வருகிற சர்வீஸ் விழுந்தது. அன்றும் நிறுத்தினார். அன்று ஏசியவர்கள் வேதக்காரர்கள். திருவிழா அன்று ஏசியவர்கள் அதைக் கரையில் நின்று ரசித்தார்கள்.

இப்படி எழுதிக்கொண்டே போனால் அவரைப் புனிதையாக்கிவிடுவேன், அவருக்கே பிடிக்காது. அவருக்குப் பொல்லாத வாய். படகில் வெற்றிலை போடக்கூடாது என்று எல்லோருக்கும் சட்டம் வைத்துவிட்டு, தான் மட்டும் மென்றுகொண்டே ஓட்டுவார். பிந்தி வந்தவர் தோட்டத்துத் துரையாக இருந்தாலும் அடுத்த தடவைதான். என்னோடு ஒரு வாரம் பேசாமல் இருந்திருக்கிறார், நான் அவருடைய ஸ்பேனரை இரவல் கொடுத்ததற்காக. ஆனால் பத்து வருடத்தில் அந்தப் படகு நடுத்தண்ணீரில் ஒரு முறைகூட நிற்கவில்லை. அக்கரையில் பிரசவ வலி எடுத்த ஒவ்வொரு பெண்ணும் நேரத்துக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தாள். அந்த இஞ்சின் தேயத் தொடங்கியபோது, இன்னொரு புது இஞ்சின் வாங்க ஒன்றரை வருடம் அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கியதும் அவர்தான்.

அவரை வீட்டுக்குக் கொண்டுவந்த நாளைச் சொல்கிறேன். அடக்கம் அக்கரைக் கல்லறையில். பதுளையில் இருந்து உடல் பதினொரு மணிக்கு வரும் என்றார்கள். காலை எட்டு மணிக்கே இக்கரையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. மற்ற டிவிஷன்களில் இருந்தும் ஸ்பிரிங்வெளிப் பக்கத்தில் இருந்தும் வந்திருந்தார்கள், பாதிரியாரும் வந்திருந்தார். யோகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு இஞ்சினில் இருந்த சின்ன மீட்டரைக் காட்டினார். பத்தொன்பதரை தாண்டியிருந்தது. இவ்வளவு பேரையும் ஏற்றி இறக்கினால் நாலைந்து மணி நேரம் ஓட வேண்டும். "என்ன செய்வோம் டீச்சர்? இன்னைக்கு மட்டும் விட்டுட்டு நாளைக்குக் காலையில செஞ்சிருவோமா?" என்றார்.

இருபது மணி என்றால் இருபதாவது மணியில் வெடித்துவிடுமா என்றால், இல்லை. ஒரு நாள் பிந்தினால் அனேகமாக ஒன்றும் ஆகாது. எனக்கும் அது தெரியும். இப்படி நியாயமான காரணத்தோடுதான் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் தள்ளிப் போகும் என்பதும் தெரியும். சாவு வீட்டைவிட நியாயமான காரணம் இனி எங்கே வரப்போகிறது? படகை மேலே இழுங்கள் என்றேன்.

செய்தி பரவியதும் முதலில் வந்தவர் லூர்துவின் தங்கை செல்வராணி. எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்து, "எங்கக்கா பொணம் ரோட்டுல காத்துக் கெடக்கணுமா? ஒங்களுக்கெல்லாம் நெஞ்சுல ஈரம் இல்லையா?" என்று கேட்டார். பின்னால் நின்றவர்களும் முணுமுணுத்தார்கள். டீச்சருக்குப் பைத்தியம் என்று யாரோ சொன்னது தெளிவாகவே கேட்டது. லூர்துவாக இருந்தால் ஒரு வார்த்தையில் வாயடைத்திருப்பார். எனக்கு அந்த வாய் இல்லை. "முடிச்சிட்டுத்தான் ஓடும்" என்று மட்டும் சொன்னேன். சொல்லிவிட்டு மணலில் முழங்கால் போட்டு உட்கார்ந்தேன்.

யோகன் ஆணிகளைப் பார்த்தார். நான் எண்ணெயை வடித்தேன், புரொப்பெல்லரைக் கழற்றித் துடைத்தேன், கீழ்த் துளையில் டியூபை வைத்து அமுக்கினேன். பாதியில் உடலைக் கொண்டுவந்த வேன் வந்து நின்றது. திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவில்லை. ஸ்டெல்லா வந்து பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேல் துளையைப் பார்த்தபடி இருந்தாள். எண்ணெய் வழியத் தொடங்கியதும், "வந்திருச்சு டீச்சர்" என்றாள். புது வாசர்களைப் போட்டு முறுக்கினேன்.

வடித்த எண்ணெயில் ஒன்றும் இல்லை. புது இஞ்சினில் எப்போதும் இருக்கிற கொஞ்சம் பளபளப்பைத் தவிர வேறு எதுவும் இல்லை. அந்தப் பேசினைத் தூக்கிச் செல்வராணியிடம் காட்டினேன். அவர் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்றுவரை அவர் என்னோடு பேசவில்லை.

பெட்டியை ஏற்றி, முதல் ஆளாக லூர்துமேரியை அக்கரைக்குக் கொண்டுபோனோம். பத்து நிமிடம். அதன் பிறகு பின்னேரம் வரை எல்லோரையும் ஏற்றி இறக்கினோம்.

அவருடைய ஸ்பேனர்களை யோகன் வைத்திருக்கிறார், செபமாலையை ஸ்டெல்லா வைத்திருக்கிறாள். எனக்கு என்ன என்று கேட்டால், அந்த ஏச்சுத்தான். அக்கரைக்கு ஆட்களைச் சேர்க்கிறவர்கள் சில நாள்களில் அவர்களைக் கரையில் நிறுத்திவைக்கத்தான் வேண்டும். நிறுத்திவைத்தால் ஏசுவார்கள்; ஏசுவதற்கு ஒருவர் முன்னால் நிற்க வேண்டும். பத்து வருடம் லூர்துமேரி நின்றார். இனி என்னை ஏசுங்கள்.